நூறு ரூபாய் பத்திரம் போட்டால் கார்டியன் ஆகிவிடலாமா?

வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: என் அக்கா மூன்று வருடத்துக்கு முன்பு புற்றுநோயில் இறந்துவிட்டார். போன வருடம் மாமாவும் மாரடைப்பில் போய்விட்டார். பெண்ணுக்கு 12 வயது, பையனுக்கு 7. இரண்டு பேரும் திருப்பூரில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள், பள்ளியிலும் இங்கேயே சேர்த்தாயிற்று. மாமாவின் பேங்க் டெபாசிட்டைக் கேட்டால் 'கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வாருங்கள்' என்கிறார்கள். பிள்ளைகளின் அப்பா வழித் தாத்தா, 'சித்தியே கார்டியனாக இருக்கட்டும்' என்று 100 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நோட்டரி சீலும் வாங்கித் தந்தார். அது செல்லாதாம். இதற்கிடையே பிள்ளைகளின் சித்தப்பா, காரைக்குடி பக்கம் மாமா பெயரில் இருக்கும் மனையை விற்றுப் பணத்தைப் பிள்ளைகள் பெயரில் போட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பேங்க்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் சொல்வது சரிதான். நோட்டரி சீல், கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு மட்டுமே சாட்சி. யாரையும் கார்டியன் ஆக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்தத் தாத்தாவுக்கே சட்டப்படி கார்டியன் அந்தஸ்து இல்லாதபோது அதை அவர் உங்களுக்கு எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் இயற்கைக் காப்பாளர், அதாவது கோர்ட் ஆர்டர் இல்லாமலே கார்டியன் ஆகிறவர் என்றால் அப்பா, அம்மா (கல்யாணமான மைனர் பெண்ணுக்குக் கணவன் என்று ஒரு பழங்கால வரியும் அதில் இன்னும் கிடக்கிறது). தாத்தா, பாட்டி, சித்தி, மாமன் யாரும் அந்தப் பட்டியலில் கிடையாது. பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லை, உயில் எழுதி யாரையும் நியமிக்கவும் இல்லை என்றால், மிச்சம் இருக்கும் வழி கோர்ட் ஒன்றுதான்.

ஆனால் கோர்ட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். டெபாசிட் போடும்போது மாமா கொடுத்த நாமினி படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாமினி மைனர் என்றால், அவர் சார்பாகப் பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரை எழுத அந்தப் படிவத்திலேயே இடம் உண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அப்படித்தான், அங்கே அவரை 'அப்பாயின்ட்டீ' என்பார்கள். அந்த இடத்தில் உங்கள் அம்மா பெயரோ தாத்தா பெயரோ இருந்தால், அந்தப் பணத்தை அவர் மூலமாகவே வாங்கிவிடலாம். பல வீடுகளில் இதைப் பார்க்காமலேயே வக்கீலைத் தேடி வருகிறார்கள், நானும் ஃபீஸ் வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்!

படிவத்தில் யார் பெயரும் இல்லையென்றால் 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் மைனர்கள் சட்டத்தின் கீழ் மனு போட வேண்டும். நம் ஊர்க் கோர்ட்டுகளில் இதற்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. (கார்டியன் அண்ட் வார்ட்ஸ் ஒரிஜினல் பெட்டிஷன்) என்று பெயர். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'மைனரின் உடலுக்கும் சொத்துக்கும் கார்டியன்' என்று பத்திரங்களில் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்களே, அவை சட்டத்தில் இரண்டு தனித்தனி விஷயம். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு குடும்ப நல நீதிமன்றத்தில், சொத்துப் பொறுப்பு மாவட்ட நீதிமன்றத்தில். வளர்ப்பது சம்பந்தப்பட்ட மனுவைப் பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும், அதாவது உங்களுக்குத் திருப்பூர். சொத்து மனுவைப் பிள்ளைகள் இருக்கும் ஊரிலும் போடலாம், சொத்து இருக்கும் இடத்திலும் போடலாம். உங்கள் பிரச்சினை பணமும் மனையும் என்பதால் சொத்து மனுவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று, சொத்து விவரம், நெருங்கிய உறவினர் பட்டியல் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும், பல சமயம் பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்கச் சொல்வார்கள். அந்த 100 ரூபாய் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தாத்தா கோர்ட்டுக்கு வந்து 'எனக்குச் சம்மதம்' என்று சொன்னால் உங்கள் மனுவுக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை.

நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது பிள்ளைகளின் நலனைத்தான். வயது, மதம், நீங்கள் எப்படிப்பட்டவர், எவ்வளவு நெருங்கிய சொந்தம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஏதாவது தெரிகிறதா என்றெல்லாம் யோசிப்பார். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டமே சொல்வதால், 12 வயதுப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசவும் கூடும். அவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

ஆர்டர் வந்த பிறகும் பணம் உங்களுடையது ஆகாது. சொத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வேன் என்று கோர்ட் ஜாமீன் பத்திரம் கேட்கலாம், சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யச் சொல்லலாம், வரவு செலவுக் கணக்கும் கேட்கலாம். பெரும்பாலும் அசல் தொகையைப் பிள்ளைகள் பெயரிலேயே டெபாசிட்டாக வைத்து, படிப்புச் செலவுக்கு வட்டியை எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு ஸ்கூல் ஃபீஸ் ரசீதெல்லாம் ஒட்டி வையுங்கள். நாளைக்கே சொந்தக்காரர்கள் யாராவது வாயைத் திறந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் அந்தச் சித்தப்பா. அவருக்கு நல்ல எண்ணமாகவே இருக்கலாம், ஆனால் மனை உங்கள் மாமா சொந்தமாக வாங்கியது என்றால் அதில் அவருக்குப் பங்கே கிடையாது. பிள்ளைகள் இருவருக்கும், மாமாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு. (தாத்தாவுக்கு இல்லை, இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் அதிர்ச்சியாகிறார்கள்.) சித்தப்பா 'நான்தான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மைனர்களின் பங்கை விற்றால் அந்த விற்பனை செல்லாது. கோர்ட் நியமித்த பிறகு நீங்களே விற்பதானாலும் கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். முன்பணம் கொடுக்க யாராவது வந்தால் கையால் கூடத் தொடாதீர்கள்.

வக்கீல் செலவு பயமாக இருந்தால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இன்னொன்று, பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டம் 2025-இல் தமிழக அரசு தொடங்கியது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

கேள்வி: கணவர் இறந்துவிட்டார். பையனுக்கு 9 வயது. அம்மாவாகிய நானும் கோர்ட்டில் போய் கார்டியன் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்களே இயற்கைக் காப்பாளர். கணவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அம்மா காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பையன் பங்குக்கு வரும் வீட்டையோ நிலத்தையோ விற்கவும் அடமானம் வைக்கவும் நீங்களும் கோர்ட் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வாங்காமல் விற்றால், 18 வயதான பிறகு மூன்று வருடத்துக்குள் பையன் அதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். வாங்குபவரின் வக்கீல் விவரமானவர் என்றால் அனுமதி இல்லாத சொத்தைத் தொடவே மாட்டார்.

கேள்வி: எனக்குப் பிறகு மகளை என் தங்கைதான் வளர்க்க வேண்டும் என்று உயில் எழுதலாமா? கணவர் இல்லை.

பதில்: தாராளமாக எழுதலாம், செல்லும். மகளுக்கு 18 ஆகும் வரை தங்கை காப்பாளர். தங்கையிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.