பழைய அம்பாசடரில் நெடுந்தூரம் போக என்னென்ன ஸ்பேர் வேண்டும்?

முதலில் பாயிண்ட், கண்டென்சர். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் திறந்து திறந்து மூடி, தீப்பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டுகிறது. வீட்டு ஸ்விட்சை அணைக்கையில் உள்ளே பளிச்சென்று தெறிக்குமே, அதே பொறி இங்கும் எழும். அதை வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது போனால் பாயிண்ட் கருகும், பிளக்கில் தீப்பொறி சோரும், வண்டி நிற்கும். சூட்டில் மக்கர் பண்ணும். ஆறியதும் ஸ்டார்ட் ஆகி ஏமாற்றவும் செய்யும்!

மாற்ற ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், 5 லிட்டர் தண்ணீர். பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவெல்லாம் வீண் சுமை.

பிரிக்காத புதுப் பெட்டிதான் நல்ல ஸ்பேர் என்று பலர் நினைக்கிறார்கள். புதுசிலும் சொத்தை வரும். புதுசை வீட்டிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, கழற்றிய நல்ல பழசை டிக்கியில் வையுங்கள்.