பழைய ஆஃப்ரோடு வண்டியில் வேறு வண்டியின் ஸ்டீயரிங் காலத்தைப் பொருத்தலாமா?

கேள்வி இதுதான்: 1970களில் வந்த ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மேலும் கீழும் ஆடுகிறது, அதே மாடலின் பாகம் கிடைக்கவில்லை. வேறொரு வண்டியின் ஸ்டீயரிங் காலத்தை எடுத்துப் போடலாமா, போட்டால் ஆபத்தில்லாமல் ஓட்ட முடியுமா? (காலம் என்றதும் நேரம் காலம் என்று படித்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கைத் தாங்கும் குழாய், அதற்குள் சுழலும் ஷாஃப்ட், பேரிங், பூட்டு எல்லாம் சேர்ந்ததற்குத்தான் இந்தப் பெயர்.)

போடலாம். என் பழைய ஜீப்பில் போட்டிருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை போட்டதை நானே கெடுத்துவிட்டதால்தான் இரண்டாவது தடவை.

கழற்றுவதற்கு முன்னால், ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே இருந்து பாருங்கள். ஷாஃப்ட் திரும்புகிறது, ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் (சக்கரங்களைத் திருப்பும் கியர் இருக்கும் பெட்டி) போகும் முனை திரும்பவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஜாயின்ட் போய்விட்டது. அந்த முனை திரும்பி, பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை (பிட்மன் ஆர்ம்) தாமதமாக அசைந்தால் பாக்ஸுக்குள் தேய்மானம். அதற்கும் கீழே, அந்தக் கையிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளான டிராக் லிங்க், டை ராடு ஆகியவற்றின் முனைகள். பாக்ஸை சேஸிஸில் பிடிக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட பழைய வண்டிகளில் அங்கே சேஸிஸே கீறல் விட்டிருக்கும். என் வண்டியில் பாதி ஆட்டம் டிராக் லிங்க் முனையில் இருந்தது. அதைப் பார்க்காமல் காலத்தை மட்டும் மாற்றியிருந்தால் வேலை முடிந்த பிறகும் வண்டி ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சரி, காலம்தான் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கால வில்லிஸ் ஜீப் வகை வண்டிகளில் பாக்ஸிலிருந்து ஸ்டீயரிங் வரை ஒரே நீளக் கம்பி. பாக்ஸ் இருப்பதோ வண்டியின் முன்பக்கம். முன்னால் மோதினால் அந்தக் கம்பி நேராக ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். மோதலில் மடங்கிக்கொள்ளும் காலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. 1968 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு அது விதியானது: 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் காலம் 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக் கூடாது. ஜீப் வகை வண்டிகளுக்கு அந்த விதி 1981-இல்தான் வந்து சேர்ந்தது. ஆகவே அப்படி ஒரே கம்பி உள்ள 1970களின் வண்டிக்கு, மடங்கும் காலத்தை ஒழுங்காகப் பொருத்தினால் முன்பு இருந்ததைவிட நல்ல நிலைக்கே போகிறீர்கள். ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மடங்கும் ஸ்டீயரிங் காலத்தைத் திருப்பும் திசையில் பலமாக முறுக்கினாலும் தாங்கும். நீளவாக்கில் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். பல மாடல்களில் உள் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். அவற்றை நிறுத்தி வைத்திருப்பது சின்ன பிளாஸ்டிக் பின்கள். டேஷ்போர்டுக்குக் கீழே பிடிக்கும் பிராக்கெட்டிலும் இடி விழுந்தால் நழுவி விடும்படி கேப்ஸ்யூல் என்ற சின்னப் பிடிப்புத் துண்டு வைத்திருப்பார்கள்.

நான் கெடுத்தது அங்கேதான். நான் வாங்கிய ஸ்டீயரிங் காலத்தின் மேல் அதன் பழைய ஸ்டீயரிங் இறுகிப்போயிருந்தது. ஸ்டீயரிங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் கையில் இல்லை. நட்டை இரண்டு மரை தளர்த்தி வைத்துக்கொண்டு ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் நாலு போடு போட்டேன். ஸ்டீயரிங் கழன்று வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். தரையில் உடைந்த பல் மாதிரி இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. ஏதோ சுவிட்ச் உடைந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளிவிட்டேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை என் பக்கம் இழுத்தபோது டக்கென்று ஒரு விரல் அகலம் வந்தது, தள்ளினால் போனது. பெருக்கித் தள்ளியது அந்தப் பின்களைத்தான். பின் போன காலத்தைப் பசை வைத்தோ வெல்டிங் வைத்தோ சரிசெய்யப் போகாதீர்கள். நான் அதை அப்படியே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். புல்லர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பழைய காலம் வாங்கும்போதும் முதலில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள்.

கழற்றும் முன் முன்சக்கரங்களை நேராக வையுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஸ்டீயரிங் எத்தனை சுற்று என்று எண்ணி, பாதிக்குக் கொண்டுவந்து, பாக்ஸ் முனையில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பாக்ஸின் நடுவில்தான் ஆட்டம் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். நடு தவறினால் நேர் சாலையில் வண்டி அலையும். அப்புறம் சீட்டிலிருந்து ஸ்டீயரிங் எவ்வளவு தூரம், காலம் என்ன சாய்வு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மேல் பிடிப்பில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பழைய வண்டியின் டேஷ்போர்டு மெல்லிய தகடு, அதில் மட்டும் தொங்கவிட்டால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து தகடும் ஆடும். விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கும் கனமான பகுதியிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள். ஆனால் “இன்னும் உறுதியாக இருக்கட்டும்” என்று கேப்ஸ்யூலைச் சுற்றி வெல்டிங் வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மடங்கும் காலம் மறுபடி அந்த ஒற்றைக் கம்பியாகிவிடும். காலத்தோடு வந்த பிராக்கெட்டை அப்படியே பயன்படுத்துவது நல்லது. போல்ட் 8.8 தரத்துக்குக் (போல்ட் தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) குறையக் கூடாது.

இனி காலத்துக்கும் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ஷாஃப்ட். உண்மையில் கஷ்டமான பகுதி இதுதான். முதலில் ஷாஃப்ட் முனையைச் சுற்றி வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள், கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். முக்கால் அங்குலத்தில் 30 பல்லும் உண்டு, 36 பல்லும் உண்டு, தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொருந்தாததைத் தட்டி ஏற்றினால் பல் மழுங்கும், பிறகு ஒரு நாள் வழுக்கும். நான் எண்ணும்போது சாக்பீஸால் ஒரு பல்லைக் குறித்துவிட்டு ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு இரண்டு தடவை எண்ணினேன்.

இரண்டு ஷாஃப்ட்டைச் சாய்வாக இணைக்கும் யு ஜாயின்ட் ஒன்று மட்டும் போட்டால் சாய்வு 30 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். 30 டிகிரியில் மேலே நீங்கள் ஒரே வேகத்தில் திருப்பினாலும் கீழே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் 15 சதவீதம் வரை கூடும், 13 சதவீதம் வரை குறையும். கையில் அது கனமாகவும் லேசாகவும் மாறி மாறித் தெரியும். சாய்வு அதிகமென்றால் இரண்டு ஜாயின்ட் போட்டு, இரண்டிலும் சாய்வைச் சமமாகப் பிரித்து, நடு ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் இரட்டைக் கிளைகள்) ஒரே வரிசையில் நிற்கும்படி வையுங்கள். அப்போது ஒன்று கூட்டுவதை மற்றது குறைத்துவிடும். மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் ஒரு தாங்கி பேரிங் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் கயிறு மாதிரி துள்ளும்.

பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸ் பாறைமேல் ஏறினால் முறுகுகிறது. காலம் பாடியில், பாக்ஸ் சேஸிஸில். ஆகவே நடு ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் இடம் தரும் வகையாக இருக்க வேண்டும். மோதலிலும் அதுதான் முதலில் சுருங்கும்.

பக்கவாட்டில் இறுக்கும் செட் ஸ்க்ரூ உள்ள ஜாயின்ட் என்றால் ஷாஃப்ட்டில் சின்னக் குழி போட்டு, ஸ்க்ரூ முனை அதற்குள் உட்கார வேண்டும். லாக்கிங் பசையும் லாக் நட்டும் சேர்த்துப் போடுங்கள். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டிய நிலை வந்தால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். ஜாயின்ட்டுக்கு அருகில் சூடு பட்டால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கும் கிரீஸும் போய்விடும். மேலே பளபளவென்று இருக்கும் வெல்டிங் உள்ளே ஒட்டாமலே இருக்கலாம். என் கை வெல்டிங்கை நம்பி கேட் செய்வேன், ஸ்டீயரிங் செய்ய மாட்டேன். தேவையான நீளத்தில் ஸ்ப்ளைன் வெட்டிய ஷாஃப்ட்டாக வாங்கிவிட்டேன்.

ஏர்பேக் வைத்த காலத்தைத் தவிர்ப்பது நல்லது, அதன் சென்சார்கள் இல்லாமல் அந்தப் பை வெறும் ஆபத்து. சாவிப் பூட்டு உள்ள காலம் என்றால் தேய்ந்த பூட்டு ஓடும்போது விழுந்துவிடாதா என்று சாவியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் பதிவு, இன்ஷூரன்ஸ் விதி என்ன என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முடித்ததும் முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஓரத்திலிருந்து ஓரம் பத்துத் தடவை திருப்புங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் உயர்த்தி, சஸ்பென்ஷன் முழுக்க மடங்கிய நிலையிலும் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட், பிரேக் குழாய், இன்ஜின் மவுன்ட் எதிலும் உரசக் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், அந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) பார்த்து, தலையிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். இப்போதும் மேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் பானட்டைத் திறந்து அந்தக் கோடு உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பாக்ஸ் முனையில் இருக்கும் போல்ட்டில் மட்டும் ஒரு முறை கோடு ஒரு நூலிழை விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்ப்ரிங் வாஷர் போட மறந்திருக்கிறேன்.