கேளுங்கள், சொல்கிறோம்: அணைத்துக்கொண்டே இருந்ததால் வந்த தீ

கேள்வி: விமானம், ஹெலிகாப்டர், பணம் எல்லாம் இருந்தும் அமெரிக்காவால் மேற்குப் பகுதிக் காட்டுத்தீயை ஏன் அடக்க முடியவில்லை?
- வாசகர், திருச்சி

அடக்கத் தெரியாமல் இல்லை சார், அளவுக்கு மீறி அடக்கியதில்தான் பாதிச் சிக்கல். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்துபோனது. தொடங்கி 5 வருடமே ஆகியிருந்த அந்நாட்டு வனத்துறை அதில் மிரண்டுவிட்டது. பிறகு 1935-ல் விதியே போட்டார்கள்: எங்கே தீ கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். வேலையை நன்றாகவே செய்தார்கள், அதுதான் வினை. பொன்டரோசா பைன் காடுகளில் மின்னலாலோ பழங்குடிகள் வைப்பதாலோ சில வருடங்களுக்கு ஒருமுறை தரையோடு தரையாக ஒரு சின்னத் தீ ஓடி, சருகையும் மரக்கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகும். தடித்த பட்டை உள்ள பெரிய மரங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தத் தீயை நிறுத்தியதும் கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டன, இப்போது தரையில் பிடிக்கிற தீ அவற்றைப் பற்றிக்கொண்டு மர உச்சிக்கே ஏறிவிடுகிறது. உச்சியில் காற்றோடு ஓடுகிற தீயை, விமானத்திலிருந்து கொட்டும் சிவப்புத் தீத்தடுப்பு மருந்தால் நிறுத்துவது கஷ்டம். போதாக்குறைக்கு வெப்பம் கூடி, மலைப்பனி சீக்கிரமே உருகி, காடு அதிக நாள் காய்ந்து கிடக்கிறது.

காரூக், யூரோக் பழங்குடிகள் காலங்காலமாகத் தீ வைத்தே காட்டைப் பராமரித்தவர்கள். கலிபோர்னியா 1850-லேயே சட்டம் போட்டு அவர்கள் கையைக் கட்டியது, இப்போது அவர்களிடமே போய்க் கற்றுக்கொள்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லா இடத்திலும் நாமே முந்திக்கொண்டு எரித்துவிடலாமே?
- வாசகி, கோவை

ஐயோ, வேண்டாம்! நெவாடா, தெற்கு ஐடஹோ மேய்ச்சல் நிலங்களில் கதை நேர் எதிர். அங்கே இருப்பது சேஜ்பிரஷ் என்கிற புதர். முன்பெல்லாம் செடிக்கும் செடிக்கும் நடுவே தரை வெறுமையாகக் கிடக்கும், தீ அவ்வளவு சுலபமாகத் தாண்டாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூரேசியாவிலிருந்து வந்து சேர்ந்த சீட்கிராஸ் என்ற புல், கண்டபடி மாடும் ஆடும் மேய்ந்து நைந்துபோயிருந்த நிலத்தில் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. கோடை தொடங்கும்போதே காய்ந்து தயாராக நிற்கும். எரிந்தால் சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்க்காது, விதை விழுந்து முளைத்து வளர வேண்டும், ஆனால் இந்தப் புல் அடுத்த மழைக்கே முளைத்துவிடும், மறுபடி எரியும். இங்கே தீயை உடனே அணைப்பதுதான் சரி. வசந்தத்தில் மாடு விட்டு அந்தப் புல்லைக் குறைக்கிறார்கள், சரிதான், ஆனால் அளவு தப்பினால் சீட்கிராஸை எதிர்த்து நிற்கிற பல்லாண்டுப் புற்களும் சேர்ந்து போய்விடும்.

எரிக்க வேண்டிய காட்டிலும் நாள் பார்த்துத்தான் எரிக்க வேண்டும். 2022-ல் நியூ மெக்சிகோவில் வனத்துறை திட்டமிட்டு வைத்த தீயே கைமீறி, சுமார் 3.4 லட்சம் ஏக்கரை விழுங்கியது. அதற்காக எரிப்பதையே விட்டுவிட்டால் பழைய கதைக்குத்தான் திரும்புவோம் என்பது என் கட்சி.

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் மலையடிவாரத்தில் வீடு வாங்கப்போகிறான். எதைப் பார்க்கச் சொல்வது?
- வாசகர், மதுரை

பல வீடுகளைப் பற்றவைப்பது பெரிய தீச்சுவர் இல்லை, காற்றில் பறந்து வருகிற கங்குகள். 2018-ல் 85 பேரைப் பலிகொண்ட பாரடைஸ் ஊர்த் தீயில், சாம்பலான பல வீடுகளின் பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நின்றன. அதனால் கூரை எதனால் ஆனது, கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் பைன் ஊசிகள் அடைந்திருக்கின்றனவா, காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை உண்டா, சுவரிலிருந்து 5 அடிக்குள் செடி, விறகு, மரவேலி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஊரைவிட்டு வெளியேற எத்தனை சாலை என்றும் பார்க்கட்டும், பாரடைஸில் பலர் நெரிசலில்தான் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம், முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள், 2022-23 வாக்கில் அந்தப் பக்கம் பல கம்பெனிகள் புது பாலிசி தருவதை நிறுத்தின.