காதுகுத்துக்கு வந்தார், சரி. சபையில் என்ன செய்தார்?

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. பழகுவதற்கு நல்லவர். சட்டமன்றம் நடக்கிற மாதத்திலும் சனி, ஞாயிறு தவறாமல் ஊருக்கு வந்துவிடுவார். கல்யாணம், கும்பாபிஷேகம், துக்க வீடு எதையும் விட மாட்டார். என் பேத்தி காதுகுத்துக்கும் வந்து ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதினார். எங்கள் தெரு முனையில் நிழற்குடை கட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் நாலு வருஷமாகச் சபையில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தொடர் இன்னும் நாலு நாளில் முடிகிறது. குறை சொல்ல மனம் வரவில்லை, பாராட்டவும் முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர், ஊர் போட வேண்டாம்.)

பதில்: போடவில்லை. ஆனால் இவ்வளவு நல்லவரைப் பற்றி எழுதும்போது பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

முதலில் அந்த ஆயிரத்தொன்று. காதுகுத்துக்கு அவர் தானாக வரவில்லை. தாம்பூலத் தட்டோடு போய்ப் பத்திரிகை வைத்தது நீங்கள். அவர் வராமல் இருந்திருந்தால், 'ஓட்டுக்கு மட்டும் வந்தார், விசேஷத்துக்கு வரலை' என்று எனக்கு வேறு மாதிரி ஒரு கடிதம் வந்திருக்கும். ஒரு முகூர்த்த நாளில் பதினைந்து பந்தலில் தலைகாட்ட வேண்டியவர், ஒவ்வொரு துறையும் சபையில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பை எப்போது புரட்டுவார்? பந்தலுக்கு வராத எம்.எல்.ஏ.வை அடுத்த தேர்தலில் நாம் தோற்கடிக்கிறோம். சபைக்குப் போகாதவரை அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்காக வீடு வீடாகப் போவதை நான் கேலி செய்யவில்லை. துக்க வீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே ஆம்புலன்ஸ் எவ்வளவு தாமதமாக வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருந்தாரா என்பதெல்லாம் தானாகக் காதில் விழும். கோப்பில் வராத சங்கதிகள் அவை. கேட்டதை அவர் எங்கே கொண்டுபோகிறார் என்பதுதான் என் கேள்வி. லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலை ஆகலாம். அதையே சபையில் வினாவாகப் போட்டால் துறைச் செயலகம் மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்டு வாங்கியாக வேண்டும். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதில் 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று வழக்கம்போல் இருந்தாலும், உடனே எழுந்து ஒரு துணை வினா கேட்கலாம். 'ஆவன செய்யப்படும்' என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைத் துரத்திக் கேட்கவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பந்தலில் சொன்ன 'பார்த்துக்கலாம்ணே'வைத் துரத்த எந்தக் குழுவும் இல்லை.

ஊர் வேலை, சபை வேலை என்று இரண்டாகப் பிரிக்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் பிற்பகுதியில் சென்னை மாகாண சட்டசபையில் இருந்தார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுகிற வழக்கத்தை எதிர்த்துச் சபைக்குள்ளே மசோதாவோடு மல்லுக்கட்டினார், வெளியே ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியை விட்டார். அவர் கேட்ட சட்டம் 1947-இல்தான் முழுதாக வந்தது. பதினேழு வருஷம்! அத்தனை பொறுமையை உங்கள் எம்.எல்.ஏ.விடம் எதிர்பார்க்கவில்லை. ஒரு துணை வினா போதும்.

இனி, 'வாய் திறந்து பார்த்ததில்லை' என்கிறீர்களே, எங்கே பார்த்தீர்கள்? 2022 ஜனவரியில்தான் கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்தார்கள். மற்றபடி டி.வி.யில் வருவது வெட்டி ஒட்டிய துண்டு. டி.வி.யில் தெரியவில்லை என்பதால் அவர் ஊமை என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். 234 பேர் இருக்கிற சபையில், துறை துறையாகச் செலவுக்குப் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதத்தில் பின் வரிசைக்காரருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதற்கும் கட்சிக் கொறடா பட்டியலில் பெயர் வர வேண்டும். அந்தச் சில நிமிஷத்திலும் பாதி, தலைவருக்கு நன்றி, தளபதிக்கு வணக்கம், அம்மாவுக்கு அஞ்சலி என்று கரைகிற கதை இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பொது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலினே எழுந்து, மானியக் கோரிக்கையில் என்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தன் கட்சிக்காரர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. வியாதி எவ்வளவு முற்றியிருந்தால் வைத்தியம் அந்த இடத்திலிருந்து வரும்! பொதுக்கணக்குக் குழு, மனுக்கள் குழு மாதிரி இடங்களில் ஒருவர் ஒழுங்காக வேலை பார்த்தால் அது டி.வி.யிலேயே வராது. அவர் எந்தக் குழுவிலாவது இருக்கிறாரா, அதன் கூட்டத்துக்குப் போகிறாரா என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு ஊமை என்று சொல்லுங்கள்.

ஆனால் இந்தக் கடைசி நாலு நாளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். நம் ஊரில் மானியக் கோரிக்கைகள் நாள் கணக்கில் நடக்கும். மசோதாக்கள் மட்டும் கடைசியில், பந்தி முடிகிற நேரத்துக்குப் பாயசம் வருகிற மாதிரி மளமளவென்று வரும். எல்லோரும் ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நேரம்.

2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கிறதா? பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டின் திருத்த மசோதா அன்றைக்கு நிறைவேறியது. வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கான சம்பளம் பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுக்கிற மசோதா. ஊர் அதற்கு வைத்த பெயர் '12 மணி நேர வேலை மசோதா'. காங்கிரஸ், இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மூன்று நாள் கழித்துத் தொழிற்சங்கங்களோடு பேசிவிட்டு நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாகவே அறிவித்தார். பத்து நாளில் தவறென்று தெரிந்த ஒன்றுக்கு அன்று சபைக்குள் 'ஆம்' சொன்னவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் சொன்னார்களா? அதே நாளில் நிறைவேறிய இன்னொன்று, நீர்நிலைகள் இருக்கிற நிலங்களையும் சேர்த்துச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்கிற மசோதா. விவசாயிகள் சத்தம் போட்டார்கள், சூழலியல்காரர்கள் சத்தம் போட்டார்கள். போதவில்லை. அது சட்டமாகிவிட்டது.

குரல் வாக்கெடுப்பில் இன்னொரு சௌகரியம் உண்டு. யார் 'ஆம்', யார் 'இல்லை' என்று பெயர் வாரியாகப் பதிவே கிடையாது. எண்ணி வாக்கெடுக்கச் சொல்லி யாராவது கேட்டால்தான் அது நடக்கும். உங்கள் எம்.எல்.ஏ. அன்று இருக்கையில் இருந்தாரா, கேன்டீனில் இருந்தாரா, உங்கள் பேத்தியைப் போல இன்னொரு பேத்திக்கு மொய் எழுதிக்கொண்டிருந்தாரா, அவரே சொன்னால்தான் உண்டு.

கூட்டத்தொடரைக் கடைசியில் அவசரம் அவசரமாக முடிப்பதற்கு எம்.எல்.ஏ.க்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கொடுத்தால்தானே? அரசியல் சட்டத்தின் 174-வது பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2022-இல் இந்தியாவின் 28 மாநிலச் சட்டமன்றங்கள் சராசரியாகக் கூடியது 21 நாள். பக்கத்துக் கேரளம் அந்த வருஷம் 41 நாள் உட்கார்ந்தது. பெரிய சபைகள் குறைந்தது 90 நாளாவது கூட வேண்டும் என்று அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002-இலேயே சொல்லியாயிற்று. வருஷத்துக்கு 100 நாள் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வும் சொன்னது. அதை இப்போது ஞாபகப்படுத்தினால் கோபித்துக்கொள்வார்கள். வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் சபையில் வேலை இல்லாதவர் பந்தலில்தான் இருப்பார்.

நிழற்குடையைச் சொல்ல விட்டுவிட்டேன். அதில் அவர் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது? அது அவர் பணம் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய் என்று 2019-இல் உயர்த்தினார்கள். அவர் செய்வது பரிந்துரை. அனுமதி கலெக்டர் ஆபீஸிலிருந்து, பணம் நம் வரியிலிருந்து. நன்றி சொல்வதானால் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது அவரைப் பாராட்டுவதா, குறை சொல்வதா? இரண்டும் வேண்டாம். அவர் பி.ஏ.வின் நம்பர் உங்களிடம் இருக்கும். பத்திரிகை வைத்தவரிடம் இல்லாமல் போகாது. இன்றைக்கே கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்தக் கூட்டத்தொடரில் அண்ணன் எத்தனை வினா கொடுத்தார்? எந்தக் குழுவில் இருக்கிறார்? கடைசி நாளுக்கு எந்தெந்த மசோதா வரப்போகிறது, அதில் அவர் நிலை என்ன? 'அண்ணன் கூட்டத்தில் இருக்கார், அப்புறம் பேசுங்க' என்று பி.ஏ. சொல்வார். எந்தக் கூட்டம், சபைக்கூட்டமா என்று நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் வந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அப்போதாவது உங்கள் பெயரைப் போடலாமா என்பதையும் எழுதுங்கள்.