மலாக்காவை நடத்தியது தமிழரா?

கேள்வி: மலேசியாவிலிருந்து வந்த என் மச்சான், "அந்தக் காலத்து மலாக்கா ராஜ்யத்தையே நடத்தியது நம்ம ஆட்கள்தான்" என்கிறார். நிஜமா ஐயா? பர்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், தட்டோன்

பதில்: மச்சான் கொஞ்சம் காது மூக்கு வைத்துச் சொல்கிறார். ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

1400 வாக்கில் மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா சுமத்திராவிலிருந்து வந்தவர். அரியணை மலாய்க்காரர்களுடையதுதான். சுல்தானுக்கு அடுத்த பதவி பெண்டகாரா. கடைசிக் காலத்தில் அதில் இருந்த துன் முதாகிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். 1510இல் சுல்தான் மகமூது அவரைக் கொன்றுவிட்டார். மறு வருஷம், 1511இல், போர்த்துகீசியர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது துறைமுகக் கதைதான். வருகிற கப்பல்களைக் கவனிக்க அங்கே நாலு சாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கே தனியாக ஒருவர், அவ்வளவு கூட்டம்! சீனர்களுக்கும் இன்றைய வியட்நாம் பக்கத்துச் சம்பாக்காரர்களுக்கும் ஒருவர், ஜாவா பக்கத்தாருக்கு ஒருவர். நாலாமவர் யாருக்குத் தெரியுமா? சோழமண்டலக் கரைத் தமிழருக்கும் வங்காளிகளுக்கும் சுமத்திராவின் பாசை ஊர்க்காரர்களுக்கும், அப்புறம் தெற்கு பர்மாவின் நம்ம பெகுக்காரர்களுக்கும்! 1512 முதல் மூன்று வருஷம் போல மலாக்காவில் இருந்த தோமே பீரிஸ் என்ற போர்த்துகீசிய மருந்துக்காரர் எழுதி வைத்த விவரம் இது. தமிழனும் பெகுக்காரனும் ஒரே அதிகாரியின் வாசலில் நின்றிருக்கிறார்கள். நம்மவர் கொண்டுபோனது துணி, பெகுவிலிருந்து போனது அரிசியும் அரக்கும். பயிர்நிலம் குறைந்த மலாக்காவுக்கு வெளியூர் அரிசி வராவிட்டால் உலை கொதிக்காது.

சரி, பர்மா சம்பந்தத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மோல்மீன் படித்துறையில் நின்றால் சால்வீன் ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் மர்த்தபான், அன்றைக்குப் பெகு அரசின் துறை. அங்கிருந்து கப்பலேறிய பெரிய மெருகுச் சாடிகளுக்கு ஊர் பேரே ஒட்டிக்கொண்டது: மர்த்தபான் சாடி. எங்கள் பாட்டி அரிசி போட்டு வைத்திருந்த சாடியும் அந்தச் சாடை உள்ளதுதான். கறுப்புக் கலந்த பழுப்பு நிறம், தோளில் நாலு சின்னக் காதுகள். எதற்குக் காது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மூடியைக் கயிறு போட்டுக் கட்டத்தான். ஆடுகிற கப்பலில் சரக்கு சிந்தக்கூடாதில்லையா?

இப்போது ஒரு காது உடைந்து, தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால், காதை எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.