கைஜஸ்: மோதிரமும் கதவும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் தத்துவப் பாடத்தில் கைஜஸின் மோதிரக் கதையைப் படித்தேன். இடையன் ஒருவனுக்கு மாய மோதிரம் கிடைக்கிறது. அதன் உதவியால் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, லிடியாவின் ஆட்சியைப் பிடிக்கிறான். அண்மையில் வேறொரு நூலில், கைஜஸ் அரசனின் மெய்க்காவலன் என்றும், அரசி கட்டாயப்படுத்தியதால்தான் கொலை செய்தான் என்றும் படித்தேன். எது உண்மை? இப்படி ஓர் அரசன் இருந்தானா, எல்லாமே கட்டுக்கதையா?

க.

அன்புள்ள க.,

இருந்தான். கி.மு. 680 முதல் 644 வரை என்று பொதுவாக அவன் ஆட்சிக்காலத்தைக் கணக்கிடுகிறார்கள். லிடியா இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த நாடு, சார்டிஸ் அவன் தலைநகர். அவன் காலத்திலேயே வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஆர்க்கிலோகஸ், பொன் மிகுந்த கைஜஸின் செல்வம் தனக்கு வேண்டாம் என்று ஒருவன் சொல்வதாகப் பாடியிருக்கிறார்.

அதைவிட உறுதியான சான்று, இன்றைய ஈராக்கில் இருந்த அசீரியப் பேரரசிலிருந்து வருகிறது. பேரரசன் அசுர்பனிபால் தன் வரலாற்றைக் களிமண் பட்டகங்களில் எழுதிவைத்தான். அவற்றில் கைஜஸ் ‘லுட்டி நாட்டு அரசன் குகு’, லுட்டி என்பது லிடியா. ஒரு பட்டகத்தில் வரும் காட்சி என்னை விட்டு அகலுவதே இல்லை. எங்கிருந்தோ குதிரையில் வந்த தூதன் ஒருவன் அசீரிய எல்லையில் நிற்கிறான். அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சூரியன் உதிக்கும் திசையிலிருந்து மறையும் திசை வரை எத்தனையோ மொழிகள் பேசுவோரை ஆண்ட அந்தப் பேரரசில், இவன் மொழியை அறிந்த ஒருவர்கூட இல்லை.

கிம்மேரியர் என்ற குதிரைப்படைக் கூட்டத்தின் தாக்குதலைத் தாங்க முடியாமல்தான் கைஜஸ் ஆள் அனுப்பியிருந்தான். தெய்வம் கனவில் வந்து அசுர்பனிபாலின் காலைப் பிடிக்கச் சொன்னதாம். பிறகு வென்றதும், பிடிபட்ட கிம்மேரியத் தலைவர்கள் இருவரை விலங்கு பூட்டிக் காணிக்கையாக அனுப்பினான். பின்னர் மனம் மாறி, அசீரியாவை உதறிய எகிப்து மன்னன் சாம்டிக்குக்குப் படை கொடுத்தான். கைஜஸின் பிணம் பகைவர் முன் கிடக்கட்டும் என்று அசுர்பனிபால் சபித்தான். கிம்மேரியர் மீண்டும் வந்தார்கள், கைஜஸ் மாண்டான், மகன் பணிந்து தூது அனுப்பினான். என்னை விட்டு விலகியவன் கதி இதுதான் என்று உலகுக்குச் சொல்ல ஒரு பேரரசன் எழுதியது இது. கல்வெட்டு போல இறுகிய சான்றுக்குள்ளும் கனவும் சாபமும் இருப்பதைக் கவனியுங்கள்.

இனி நீங்கள் கேட்ட இரண்டு கதைகள். மோதிரம் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் வருகிறது. அங்கே அந்த இடையன் கைஜஸே அல்ல, கைஜஸின் மூதாதை என்றுதான் மூலத்தில் இருக்கிறது. நிலம் பிளந்த பள்ளத்தில் ஒரு வெண்கலக் குதிரை, அதனுள் மனித அளவை மிஞ்சிய ஒரு பிணம், அதன் கையில் மோதிரம். மோதிரத்தின் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். யாரும் பார்க்காவிட்டால் நல்லவனும் தவறுவான் என்று ஒரு பாத்திரம் வாதாடுவதற்காகச் சொல்லும் கதை அது. அதில் லிடியாவின் வரலாற்றைத் தேட வேண்டாம்.

நீங்கள் படித்த மெய்க்காவலன் கதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது. அதுவும் கதைதான். ஆனால் அதில் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். அரசன் காண்டௌலெஸ் தன் மனைவியின் அழகில் மயங்கியவன். கண்ணால் கண்டால்தான் நம்புவாய் என்று சொல்லி, மெய்க்காவலன் கைஜஸைப் படுக்கையறையில், திறந்த கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளச் சொல்கிறான். கைஜஸ் பதறி மறுக்கிறான். அரசன் விடவில்லை. கதவருகே ஒரு நாற்காலி. அரசி ஆடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன்மேல் வைக்கிறாள். அவள் முதுகைக் காட்டிக் கட்டிலை நோக்கி நடக்கும்போது கைஜஸ் நழுவுகிறான். அவள் பார்த்துவிடுகிறாள். கூச்சலிடவில்லை. கணவனின் வேலை என்று அந்த நொடியிலேயே புரிந்துகொள்கிறாள்.

விடிந்ததும் அவனை அழைக்கிறாள். அரசனைக் கொன்று என்னையும் நாட்டையும் எடுத்துக்கொள், இல்லையேல் நீ சாக வேண்டும் என்கிறாள். எப்படிக் கொல்வது என்று கேட்கிறான். அவர் என்னை உனக்குக் காட்டிய அதே இடத்திலிருந்து என்கிறாள். அன்றிரவு அதே கதவுக்குப் பின்னால், இப்போது கையில் குத்துவாளோடு, அவன் நிற்கிறான்.

பிளேட்டோவின் இடையன் யார் கண்ணிலும் படாததால் வென்றான். ஹெரோடோட்டஸின் கைஜஸ் ஒரு பெண்ணின் கண்ணில் பட்டதால் அரசனானான். இரண்டுக்கும் அடியில் கிரேக்கர்களை உறுத்திய ஒரே கேள்வி இருக்கிறது: அரச குடும்பத்தில் பிறக்காத ஒருவன் எப்படி அரியணையில் அமர்ந்தான்? லிடியர்கள் ஆயுதம் எடுத்தார்கள் என்றும், கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு அவனை ஏற்ற பிறகே அடங்கினார்கள் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கைஜஸ் டெல்ஃபிக்கு அனுப்பிய காணிக்கைகளில் 6 பொற்கலங்கள் இருந்தன, எடை 30 தாலந்து (தாலந்து ஒரு பழைய எடை அளவு). ஐந்தாம் தலைமுறையில் பழி தீரும் என்றும் அந்த அருள்வாக்கு சொன்னது. அந்த ஐந்தாமவன், பாரசீகரிடம் நாட்டை இழந்த குரோசஸ்.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. குத்துவாளை அவன் கையில் கொடுத்தது யார் என்பது வரை சொல்லும் ஹெரோடோட்டஸ், அந்த அரசியின் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய முதல் நூலில் 8 முதல் 13 வரையுள்ள பகுதிகளைப் படியுங்கள். மிகச் சிறியவை. படிக்கும்போது, அவள் பேசாமல் இருந்த அந்த இரவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அன்புடன்.