வாடகை வீடா, சொந்த வீடா: வங்கி கையை இறுக்கினால் கடன் எங்கே?

கூட்டுறவுக் கடன் பிரிவில் நீண்டகாலம் இருந்த ஒருவர் யாழ்ப்பாண வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

திருநெல்வேலி வாசகர்: ஐயா, கடையில் வேலை, வாடகை வீடு. 3 லட்சம் கேட்டுப் போனேன். சொந்த வீடு இல்லை என்றதும் இழுத்தடிக்கிறார்கள். எங்களுக்குக் கடனே இல்லையா?

இருக்கிறது தம்பி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது ஞாபகம் இருக்கும். அப்படியான காலத்தில் ஈடில்லாத கடனுக்குத்தான் வங்கி முதலில் தயங்கும். உங்களிடம் அவர்கள் தேடுவது மாத வருமானத்துக்கான ஆதாரம். சம்பளத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டுப்படுகிறதா என்று பாருங்கள். நிரந்தர வேலையிலுள்ள பிணையாளிகளைத் தேடிவைத்துவிட்டு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். பழைய போன் தவணை ஒன்று அதில் நிலுவையாகக் கிடந்தாலே காரியம் கெட்டுவிடும். வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கட்டும். ஊர்ச் சிக்கன கடனுதவிச் சங்கத்தில் இன்றைக்கே அங்கத்தவராகுங்கள். அங்கே சேமிப்புப் பழக்கத்தைப் பார்ப்பார்கள், கூரையை அல்ல.

குருநகர் வாசகி: நகையை அடகு வைக்கவா, லீசிங் கம்பனியில் எடுக்கவா? அவர்கள் 20 சதவீதம்தான் என்கிறார்கள்.

நகையிருந்தால் வங்கியில் அடகு வையுங்கள் தங்கச்சி. வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே மரியாதை கிடைக்கும் இடம் அதுதான். உரைகல்லில் தேய்த்து, கல்லின் நிறையைக் கழித்து, பவுணுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். வீடு யாருடையது என்று கேட்கமாட்டார்கள். 2023 ஓகஸ்டில் வங்கி அடகு வட்டிக்கு மத்திய வங்கி 18 சதவீத உச்சவரம்பு வைத்தது. இப்போதைய வீதத்தைக் கிளையில் கேளுங்கள்.

அந்த 20 சதவீதம் எந்தக் கணக்கு? 3 லட்சம், 24 மாதம், முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி என்றால், வட்டி மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 17,500. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் வங்கிக் கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 35 சதவீதம்! கையெழுத்து வைக்கமுன் "குறையும் மீதிக்கா, முழுத் தொகைக்கா" என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடகுத் திகதியை மட்டும் மறக்காதீர்கள். மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் ஏலம்தான்.

மானிப்பாய் வாசகர்: எனக்குச் சொந்த வீடு. மகளின் படிப்புக்கு 5 லட்சம் வேண்டும். வீட்டு உறுதியை ஈடு வைக்கலாம்தானே?

வைக்கலாம், ஆனால் எனக்கு மனமில்லை. காணிக் கந்தோரில் 30 வருட வரலாறு தேட வேண்டும். மதிப்பீட்டாளர், நொத்தாரிசு, ஈட்டுறுதிப் பதிவு என்று செலவு நீளும். 5 லட்சத்துக்கு அது கட்டாது. காணி சகோதரங்களோடு பிரிபடாத பங்கென்றால், கனடாவிலுள்ள சகோதரத்திடமிருந்து, அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வந்துசேர மகளுக்குச் சோதனையே முடிந்துவிடும். வழக்கில்லாமலே வங்கிச் சபையின் தீர்மானத்தோடு ஏலம் போடும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் 50 லட்சத்துக்குக் குறைந்த கடனுக்குப் பொருந்தாது, ஆனால் தவணை தவறினால் வங்கி வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம்.  இந்தத் தொகைக்கு நகையோ பிணையாளிக் கடனோ போதும். உறுதியைப் பெரிய தேவைக்கு வைத்திருங்கள்.

சாவகச்சேரி வாசகி: கணவர் சவூதியில். சீதன வீடு என் பெயரில். நானே ஈடு வைக்கலாமா?

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் வங்கிச் சட்டத்தரணி கேட்கத்தான் செய்வார். உங்கள் கணவர் சம்மதத்தைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். கணவர் இருக்குமிடமே தெரியாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம்.

கொக்குவில் வாசகர்: சீட்டுக் கட்டி முற்பணம் கொடுத்து வேறு வீட்டுக்கு மாறவா?

சீட்டுப் பிடிப்பவரை நன்றாகத் தெரிந்தால் சரி. ஆனால் கழிவு விட்டுத் தள்ளி எடுக்கும் காசு வட்டியில்லாத காசல்ல. எவ்வளவு கழித்து எடுக்கிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். அதற்கும் முன், முற்பணத்தை இரண்டு மூன்று தவணையாக வாங்குவாரா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.